எலுமிச்சைக் கிளையில் ஒரு தீனிப் பெட்டி

பிப்ரவரி 4

அன்புள்ள உங்களுக்கு,

இந்த முதல் வரியை எழுதுவதற்குள் ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பெயர் சொல்லி எழுதினால் அத்தை முறைப்பார். ‘என்னங்க’ என்று தொடங்கினால் பக்கத்து அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுவது போல இருக்கிறது. நீங்கள் பக்கத்து அறையில் இல்லையே. அதனால் இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

இங்கே அத்தையும் நானும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? இருமல் நின்றதா என்று அத்தை இரண்டு தடவை கேட்கச் சொன்னார். கல்யாணமாகி ஒரு மாதம் கூட முழுதாக இங்கே இருக்கவில்லை நீங்கள். கிளம்பும்போது, “அக்டோபர்ல வந்துடுவேன், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்” என்றீர்கள். நானும் மூடித் திறந்து பார்த்துவிட்டேன். பிப்ரவரிதான் ஆகியிருக்கிறது.

ஒரு விஷயத்துக்கு உங்கள் அனுமதி வேண்டும். என் தையல் மிஷினைப் பின்கட்டு ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். நான் வெளியே உதறும் நூல் பிசிறுகளைச் சிட்டுக்குருவிகள் வந்து பொறுக்கிக்கொண்டு போகின்றன. நூலைத் தின்று வயிறு நிறையுமா? எலுமிச்சை மரத்தில் ஒரு தீனிப் பெட்டி தொங்கவிடலாம் என்று ஆசை. கடையில் இரண்டு மாதிரி இருக்கிறது. ஒன்று பிளாஸ்டிக் குழாய், பக்கவாட்டில் துளைகள். இன்னொன்று கூரை வைத்த மரத் தட்டு. எதை வாங்குவது? அத்தைக்கு இரண்டும் பிடிக்கவில்லை. “குருவிக்கு விருந்து வெச்சா, அது என் துணிமேலதான் கை கழுவும்” என்கிறார். துணிக்கொடி அந்த மரத்தடியில்தானே இருக்கிறது.

இன்னொன்று. அத்தைக்குக் கண்ணில் புரை கூடிவிட்டது. உங்கள் கடிதங்களை நான்தான் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். ஒரு வரியைத் தாண்டினாலும் கண்டுபிடித்துவிடுகிறார். உங்கள் தகவலுக்காக எழுதினேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
வீட்டில் இருப்பவள்.

மார்ச் 1

வீட்டில் இருப்பவளுக்கு,

நான் நலம். அம்மா, கேட்குதா? இருமல் போயே போச்சு. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுறதை நிறுத்தாதே.

முகாமில் ஒரே ஒரு போன். அதற்கு ஒரு தெரு நீளத்துக்கு வரிசை. நம் முறை வரும்போது பின்னால் நிற்பவன் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பான், என்ன பேச வந்தோம் என்பதே மறந்துபோகும். ஆகவே கடிதம்தான் நமக்குக் கதி.

கடையில் எதையும் வாங்காதே. வெல்டரைக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் பெட்டி வாங்கினாய் என்று தெரிந்தால் என் மானம் போய்விடும். நானே செய்து அனுப்புகிறேன். இங்கே கொதிகலனுக்கு வெட்டியது போக மிச்சத் தகடு நிறையக் கிடக்கிறது, ஸ்டோரில் கேட்டு வாங்கிவிட்டேன். என்னோடு தங்கியிருக்கும் கிரேன்காரர் பறவை வளர்த்த ஆள். அவர் சொன்னது: புறாவுக்கும் மைனாவுக்கும் கால் பரப்பி உட்காரத் தட்டையான இடம் வேண்டும். சின்னக் குருவிகள் எதையாவது பற்றிக்கொண்டு தொங்கியே தின்னும். முதலில் தட்டு. அடியில் மழைத் தண்ணீர் வடியச் சிறு துளைகள் போட்டிருக்கிறேன். தினை, உடைத்த சோளம், சூரியகாந்தி விதை போடு. சமைத்த சாப்பாடு மட்டும் வேண்டாம், புளித்துப் போகும், எறும்பு வரும்.

கிரேன்காரர் லீவில் போகிறார். அவர் கையில் பெட்டி வரும். அக்டோபர் அக்டோபர்தான், சந்தேகம் வேண்டாம்.

கிளையை மட்டும் கெட்டியாகப் பார்த்துக் கட்டச் சொல்லும்,
வெல்டர்.

ஏப்ரல் 2

அன்புள்ள வெல்டருக்கு,

அத்தையும் நானும் நலம். நீங்கள் நலமாக இருப்பதாகக் கிரேன்காரர் சொன்னார். “கொஞ்சம் இளைச்சிருக்கார், ஆனா தெம்பாத்தான் இருக்கார்” என்றார். அவர் போன பிறகு ‘இளைச்சிருக்கார்’ மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது.

பெட்டி வந்து சேர்ந்தது. ஐயோ, இதைப் பெட்டி என்றா சொன்னீர்கள்! அவர் தோளில் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து, ஏதோ தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துவிட்டேன். எலுமிச்சைக் கிளை வளைந்து தரையைத் தொட்டது. அப்புறம் துணிக்கொடிக் கம்பத்தில் சங்கிலி போட்டு மாட்டினோம். காலையில் ஒரு புறா வந்து சௌகரியமாக உட்கார்ந்தது. எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. வெயில் ஏறியதும் ஒரு மைனா வந்து கால் வைத்தது, உடனே துள்ளிக் குதித்து ஓடிவிட்டது. நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். அடுப்பில் வைத்த தட்டு மாதிரி கொதிக்கிறது!

அத்தை சிரித்த சிரிப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “கொதிகலன் செய்யறவன்கிட்ட குருவித் தட்டு கேட்டா இப்படித்தான். நாலு தலைமுறைக்குத் தாங்கும், ஒரு குருவி உட்காராது” என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் இருந்திருந்தால் உங்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்தால்தான் அக்டோபரில் கிடைக்கும் என்றாரே கிரேன்காரர். எழுதிக் கொடுத்தாயிற்றா?

இப்படிக்கு,
விரல் சுட்டுக்கொண்டவள்.

ஏப்ரல் 29

விரல் சுட்டவளுக்கு,

விரல் ஆறியதா? அம்மா, சிரிச்சது போதும்.

பட்டறையில் அத்தனை பேரும் அந்தப் பெட்டியின் வெல்டிங் ஒட்டைத் தடவிப் பார்த்து, “என்னா வேலைடா!” என்று மெச்சினார்கள். உட்காரப் போகிற குருவியை ஒரு வார்த்தை கேட்க எனக்குத்தான் தோன்றவில்லை. போகட்டும். விளிம்பு முழுக்க மரச் சட்டம் வைத்துக் கட்டு. கூரைக்கு வெள்ளை பெயின்ட் அடி. மதியம் நிழல் விழும் பக்கமாகத் திருப்பி மாட்டு. அணில் ஏறாமல் இருக்கக் கம்பத்தில் புனலைக் கவிழ்த்தது போல ஒரு தகரம் பொருத்தச் சொல்.

என்னென்ன பறவை வருகிறது என்று விவரமாக எழுது. இந்த அறையில் ஜன்னல் கிடையாது. நாலு கட்டில், நாலு இரும்புப் பெட்டி, ஒரு விசிறி. பட்டறைக்குள் எரியும் நெருப்பை விட்டால் எங்கள் கண்ணுக்கு வேறு வெளிச்சம் இல்லை. உன் கடிதம் வந்தால் மைனா துள்ளியது போன்ற பகுதிகளை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன். மீதியை நான் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

லீவு விஷயம் மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
குருவியிடம் தோற்றவன்.

ஜூன் 5

தோற்றவருக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கே மழை பிடித்துக்கொண்டது, அங்கே எப்படி?

மரச் சட்டம், பெயின்ட் எல்லாம் ஆயிற்று. இப்போது உங்கள் தட்டில் கூட்டமோ கூட்டம். தினமும் ஒரு புறா வந்து நடுவில் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல், எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போகிறது. அதற்குச் சம்பந்தியம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். சத்தம் போட்டே மற்றவர்களை விரட்டும் மைனா ஓவர்சீயர். சின்னக் குருவிகளுக்குத்தான் இடமே கிடைக்கவில்லை. நான் தையல்காரி இல்லையா, வெங்காயம் வந்த வலைப்பையை வெட்டி, நீளமாக ஒரு பை தைத்தேன். அதில் தினை நிரப்பித் தொங்கவிட்டால் குருவிகள் வலையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தின்கின்றன. உங்கள் இரும்புக்குப் போட்டியாக என் துணி ஜெயித்துவிட்டது என்று எழுத வந்தேன். அதற்குள் அணில் ஒன்று கீழ்த் தையலைப் பிரித்துவிட்டது. இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன்.

போன வாரம் ஒரு குருவி மரத்திலிருந்து வேகமாக வந்து என் ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்தது. அத்தைதான் அதை எடுத்து இரண்டு கையையும் குவித்து மூடிக்கொண்டு, “ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அது எழுந்து பறந்துவிட்டது. இப்போது வலைப்பையை ஜன்னல் கம்பியிலேயே கட்டிவிட்டேன். பக்கத்திலேயே இருந்தால் வேகம் எடுக்க இடம் இல்லை, மோதினாலும் அடிபடாது. மறுநாள் பார்த்தால் துணிக்கொடி எதிர்ச் சுவருக்கு மாறியிருந்தது. கேட்டால், “அங்கேதான்டி வெயில் நல்லா அடிக்குது” என்கிறார். இந்த மழையில்!

லீவு என்னவாயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள்.

இப்படிக்கு,
ஜன்னலோரத்தில் இருப்பவள்.

ஆகஸ்ட் 3

ஜன்னலோரத்தில் இருப்பவளுக்கு,

நலம். அம்மா, நலம்தானே? பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை அதிகம்.

மழைக்காலத்தில் தானியத்தை ஈரமாக விட்டுவைக்காதே. பூஞ்சை பிடித்தால் பறவைகளுக்கு நோய் வரும். வாரம் ஒரு தடவை மிச்சத்தைக் கொட்டிவிட்டு, தட்டைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிறகு புதுத் தானியம் போடு. வலைப்பையையும் அப்படியே. கீழே சிந்தும் தோலையும் கூட்டிவிடு, எலி வரும். ஒரேயடியாக நிறையப் போடாதே, ஒரு நாளில் தீர்கிற அளவு போதும்.

என்னை ஃபோர்மேன் ஆக்கியிருக்கிறார்கள். அம்மா சந்தோஷப்படுவாள். அக்டோபர் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

தட்டைக் காயவைப்பது முக்கியம்.

அன்புடன்,
நான்.

ஆகஸ்ட் 21

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ஃபோர்மேன் ஆனதில் அத்தைக்கு ரொம்பப் பெருமை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் சந்தோஷம்.

தட்டைக் கழுவிக் காயவைத்தேன். வலைப்பையையும் காயவைத்தேன். பறவைகள் வருகின்றன. சொல்லும்படியாக வேறு ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்.

செப்டம்பர் 28

(அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாதாம். முடித்ததும் வாசித்துக் காட்ட வேண்டுமாம்.)

டேய், அம்மா பேசறேன். நான் நல்லா இருக்கேன். கண்ணுதான் மங்கல், வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீயும் நல்லாத்தான் இருப்பே, ஃபோர்மேன் ஆச்சே.

இவ நல்லா இல்லைடா. எழுதுடி. என்ன என் மூஞ்சியைப் பார்க்கறே, எழுது.

வந்த புதுசுல ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கிட்டே மிஷின் மிதிப்பா. இப்ப மிஷின் சத்தம் மட்டும்தான் கேக்குது. தட்டுல போட்ட சோத்துல பாதியைக் கொறிச்சுட்டு, மீதியை எனக்குத் தெரியாம கொண்டுபோய் அந்தப் பெட்டியில கொட்டறா. உனக்கு எழுதறது என்னவோ தினை போட்டேன், சோளம் போட்டேன்னு. எறும்பு சாரை சாரையா என் துணிக்கொடி வரைக்கும் வந்தாச்சு. கண்ணு தெரியாதவளுக்கு எறும்பு கடிச்சா கூடவா தெரியாது?

ஜன்னல்கிட்ட ரெண்டு நாற்காலி போட்டு வெச்சிருக்கா. ஒண்ணு இவளுக்கு. இன்னொண்ணு யாருக்குடின்னா, எனக்காம். நான் என்னைக்கு அதுல உட்கார்ந்தேன்? மேல தூசி விழாம தினமும் தொடைக்கிறா.

உன் பழைய சட்டை ஒண்ணு பட்டன் போயிடுச்சுன்னு எடுத்தா. ஊருக்கே துணி தைக்கிறவளுக்கு ஒரு பட்டன் வைக்க இத்தனை மாசமா? மடியிலயே வெச்சிருக்கா. இதோ, இப்ப அழறா. அழு, வேண்டாங்கலை. அழுதுக்கிட்டே எழுது. அதையும் எழுது.

எனக்கு எல்லாம் புரியுதுடா. நான் கேக்கறேன்னு வெட்கப்பட்டுக்கிட்டு, புருஷன் ஓட்டை போடறது எப்படின்னு எழுதறான், பொண்டாட்டி ஓட்டை அடைக்கிறது எப்படின்னு எழுதறா. கட்டின பொண்டாட்டிக்கு எழுதற கடிதாசியாடா அது? தட்டைக் காயவை, தட்டைக் காயவைன்னு! இங்க ஒருத்தி காஞ்சு போயிட்டா, அது உனக்குத் தெரியலை. இனிமே உன் கடிதாசியை எனக்கு வாசிக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். எனக்குத் தனியா ஒரு துண்டுச் சீட்டு வை, இருமல் இருக்கா இல்லையான்னு. மத்ததெல்லாம் அவளுக்கு எழுது.

வருவியா, மாட்டியா? அதைச் சொல்லுடா முதல்ல.

அம்மா.

(எழுதியது நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.)

அக்டோபர் 19

உனக்கு,

அம்மாவின் சீட்டு தனியாக இருக்கிறது. இருமல் இல்லை என்று எழுதியிருக்கிறேன். இது உனக்கு மட்டும்.

அம்மாவின் கடிதத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். இங்கே தனியாக இருக்க வேறு இடம் கிடையாது. ‘அழுதுக்கிட்டே எழுது’ என்ற இடத்தில் மை கலைந்திருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு வெகு நேரமானது.

ஜூலையில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. ஃபோர்மேனுக்கு ஒரு வருஷம் கழித்துத் தனி வீடு தருவார்கள். குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். இரண்டு அறை, முன்னால் கொஞ்சம் மண், ஜன்னல் கூட உண்டு. வேலைக்குப் போகும்போது தினமும் அந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டே போவேன். உன் மிஷினை எந்த ஜன்னலோரம் போடலாம் என்று கூட முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் முதல் வருஷம் லீவு கிடையாது. அதை எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. எழுதினால் அதை நீ உன் வாயாலேயே அம்மாவுக்குச் சத்தமாக வாசிக்க வேண்டும். நடுவில் உன் குரல் உடையும், அம்மா “அப்புறம்?” என்பாள், நீ மேலே வாசிப்பாய். அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் பூஞ்சை, சோப்பு என்று எழுதினேன்.

உன் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. கல்யாணப் படத்தில் நீ வேறு யாரையோ பார்த்துச் சிரிக்கிறாய். ஊசி குத்திக் குத்திச் சொரசொரப்பான உன் விரல் நுனி மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிளம்பின அன்றைக்கு என் சட்டைக் காலரைச் சரி பண்ணினாயே, அப்போது கழுத்தில் பட்டது. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சூப்பரின்டென்டென்ட்டைப் போய்ப் பார்த்தேன். “போகணும்னா போ. ஆனா போனா இந்த இடம் உனக்கு இல்லை, மறுபடி வந்து நிக்காதே” என்று சொல்லிவிட்டார். வந்தால் ஃபோர்மேனும் கிடையாது, அந்த வீடும் கிடையாது. மறுபடி நம் தெருவில் கிரில் கதவு ஒட்டிக்கொண்டிருப்பேன். தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்த அம்மாவுக்குத் தலைகுனிவு. உனக்கும்தான். அதற்குத்தான் பயப்படுகிறேன்.

நீ ஒரு வார்த்தை எழுது. மாதக் கடைசிக்குள் நான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

உன்னுடைய,
நான்.

அக்டோபர் 24

என்னங்க,

நலம் விசாரிக்க நேரமில்லை, இந்தத் தபாலிலேயே போக வேண்டும். நீங்கள் நலமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதக் கடிதத்தில் அத்தை சொன்னதில் ஒரு பகுதியை நான் எழுதவில்லை. வாசித்துக் காட்டும்போது, எழுதியது போலவே பாவனை பண்ணி வாசித்தேன். தாளைப் பார்த்துக்கொண்டுதான் வாசித்தேன், அவருக்குத் தெரியவில்லை. அத்தை சொன்னது இதுதான்: “இந்த அக்டோபர்ல நீ வரலைன்னா இவளை இவ அம்மா வீட்டுலயே கொண்டுபோய் விட்டுடுவேன். என் பிள்ளைக்காகக் காத்துக் கிடந்து இன்னொருத்தி பெத்த பொண்ணு கருகறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது.”

அதை எழுதினால், நீங்கள் “சரி, போகட்டும்” என்று பதில் எழுதிவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் விட்டுவிட்டேன்.

அத்தை வெறும் வாய்ச்சொல்லுக்குச் சொல்கிறவர் இல்லை, உங்களுக்கே தெரியும். என் அண்ணனுக்கு ஆள் அனுப்பிவிட்டார். வருகிற மாதம் முதல் வாரம் வந்து அழைத்துப் போவதாக அவனும் சொல்லிவிட்டான். என் பெட்டியைப் பரணிலிருந்து அத்தையே இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். துடைக்கும்போது அவரும் அழுதார். நேற்று இரண்டு பேரும் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி அழுதுகொண்டிருந்தோம், சாப்பாடு தீய்ந்துபோனது. “நீ இங்கேயே இருந்தா எனக்குத்தான்டி நல்லது. அதனாலதான் போகச் சொல்றேன்” என்றார். இப்படி ஒரு மாமியார் வாய்த்தவள் எங்கே போவாள்? நான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். “எதை நம்பிடி இருக்கப்போறே?” என்று கேட்டார். தட்டு கழுவுவது எப்படி என்று எழுதிய கடிதங்களைக் காட்டியா சொல்ல முடியும்? இப்போது இந்தக் கடிதம் வந்திருக்கிறது. அவரிடம் வாசிக்கவில்லை, கையில் கொடுத்து மடிப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். “தடிமனா இருக்கே” என்றார்.

தலைகுனிவு என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு? தெருவில் எத்தனை வீட்டுக் கிரில் கதவு துருப்பிடித்து ஆடுகிறது தெரியுமா? நீங்கள் ஒட்டிக் கொடுங்கள், நான் பெயின்ட் அடித்துத் தருகிறேன். ஃபோர்மேன் பெண்டாட்டி என்று நாலு பேர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிடுவதற்கு, அது எவ்வளவோ மேல். ஜன்னல் வைத்த அந்த வீடு எனக்கு வேண்டாம். இங்கே ஒரு ஜன்னல் இருக்கிறது, அது போதும்.

இத்தனை கடிதத்திலும் எப்போது வருவீர்கள், லீவு என்னவாயிற்று என்றுதான் கேட்டேன். வாருங்கள் என்று ஒரு தடவை கூட எழுதவில்லை. எழுதி, நீங்கள் வராமல் போய்விட்டால் எந்த முகத்தோடு அத்தைக்கு எதிரே நடமாடுவது என்று பயம். இப்போது அந்தப் பயம் இல்லை. இதை ஒட்டுவதற்கு முன்னால் அத்தையிடம் முழுதும் வாசித்துக் காட்டப் போகிறேன், எழுதாமல் விட்டதையும் சேர்த்து. ஒரு வார்த்தை கேட்டீர்கள். சொல்கிறேன்.

வாங்க.